மேடேறாத அம்பாசிடர்

வண்டி ஓடினால் ஷாஜன் அந்த வீட்டை விட்டுப் போகலாம். ஓடாவிட்டால் போக முடியாது. சங்கதி இவ்வளவுதான். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். கை கால் திடமாக இருக்கிற ஒரு ஆண்பிள்ளை, ஷார்ஜாவில் பெரிய ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தவன், மாமனார் வீட்டுப் படியிறங்க ஒரு பழைய காரின் தயவுக்குக் காத்துக் கிடந்தான் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? உள்ளே கிடந்து பார்த்தவனுக்குத்தான் அந்த வெப்ராளம், அந்த மனப்புழுக்கம் தெரியும்.

திற்பரப்புக்குப் பக்கத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே, ரோட்டுக்குக் கீழே பள்ளத்தில் இருந்தது மாமனார் ஞானையனின் வீடு. முற்றத்திலிருந்து ரோட்டுக்கு ஏற ஒரு செங்குத்தான மேடு. அவருடைய மனைவி இறந்து போனாள். ஷாஜனின் மனைவி ஷெர்லி அவருக்கு ஒரே மகள். ஷார்ஜா வேலை போய் ஷாஜன் ஊர் திரும்பியபோது, "ஒரு மாசம் இஞ்ச நில்லுங்க மக்கா, பெறவு பாப்போம்" என்றார் மாமனார். அந்த ஒரு மாதம் வருஷத்தைத் தாண்டியும் முடிந்தபாடில்லை.

ஞானையன் கெட்டவர் இல்லை. அதுதான் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். இவரோ சாப்பாட்டு மேசையில் "மருமவனுக்கு இன்னொரு துண்டு மீன் வை" என்று மகளை விரட்டுவார். குலசேகரம் ஜங்ஷனில் ஷாஜன் ஒரு சாயா குடிக்க நின்றால் போன் வந்துவிடும். "எங்க நிக்கிய? யாருக்க கூட? எப்ப வருவிய?" எட்டு மணிக்குக் கேட்டைப் பூட்டிச் சாவியைத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அவன் எந்தச் சட்டை போட வேண்டும் என்பதைக்கூட அவர்தான் சொல்வார். மார்த்தாண்டத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை கிடைத்து அவன் கிளம்பிய முதல் நாள் அவருக்குத் தலை சுற்றியது. வாடகைக்கு ஒரு வீடு பார்த்துவிட்டு வந்த அன்று சுகர் இறங்கிவிட்டது. "நீங்க போங்க மக்கா. நான் இஞ்ச ஒத்தைக்குக் கெடந்து செத்துக்கிடுவேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பை என்ன செய்ய? அடிக்கவா முடியும்?

ஷெர்லி அவன் பக்கம்தான் இருந்தாள். அப்படித்தான் அவன் நினைத்தான். வாடகை வீட்டைப் பற்றிச் சொன்னபோதெல்லாம் "போவலாம், போவலாம்" என்று தலையாட்டினாள்.

வீட்டு ஜெபத்துக்குச் சர்ச் போதகர், ஊர்வழக்கில் ஐயர், வந்திருந்த ஒரு சாயங்காலம் ஷாஜன் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்துவிட்டான். தனியாகக் குடித்தனம் போக ஆசை, மாமா விடவில்லை என்று பட்டென்று சொன்னான். சபை ஐயர் முன்னால் ஞானையன் மாட்டிக்கொண்டார். முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்தார். ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்த அம்பாசிடர் கண்ணில் பட்டது. அவருடைய அப்பா வாங்கியது, பல வருஷமாக அசையாதது.

"ஐயரே, ஒம்ம முன்ன வச்சுச் சொல்லுதேன். இவன் பெரிய மெக்கானிக்குல்லா? எனக்க வண்டியச் சரியாக்கட்டு. கிறிஸ்மஸ் அன்னைக்கு விடியக்காலத்து ஆராதனைக்கு என்னை அதுல சர்ச்சுக்குக் கொண்டு போவட்டு. அதுக்குப் பெறவு பொண்டாட்டியக் கூட்டிட்டு எங்க வேணும்னாலும் போவட்டு. நான் ஒரு வார்த்தை பறைய மாட்டேன்."

"ஒத்துக்கிட்டேன்" என்றான் ஷாஜன். அவசரக்குடுக்கை! ஷார்ஜாவில் அவன் பார்த்த வண்டிகளுக்குக் கம்ப்யூட்டரைச் சொருகினால் போதும், எங்கே நோவு என்று அதுவே சொல்லிவிடும். பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்பரேட்டர் என்பதை அவன் கையால் தொட்டதே இல்லை.

மறுநாள் போனட்டைத் திறந்தபோதுதான் தெரிந்தது, எதில் கையை விட்டிருக்கிறோம் என்று. என்ஜின் அவ்வளவு மோசமில்லை. பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருந்த கார்பரேட்டர்தான் பச்சைக் களிம்பு பிடித்து, ஒரு பாகமும் அசையாமல் இறுகிக் கிடந்தது. கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டான். பல் தேய்க்கிற பிரஷால் தேய்த்தான். பழைய பெட்ரோல் காய்ந்து அரக்காக அடைத்துக் கிடந்த துளைகளில் காற்றடித்தான். யூடியூபில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இதே கார்பரேட்டரைப் பிரித்துக் காட்டும் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். ஊசி தேய்ந்திருந்தது. அது இறங்குகிற ஜெட்டின் வாய் நீள்வட்டமாகிவிட்டது. கோயம்புத்தூரில் ஒரு கடையில் சொல்லி இரண்டையும் வரவழைத்தான். காற்றுக் கதவின் தண்டு லொடலொடவென்று ஆடி, வேண்டாத இடத்தில் காற்றை இழுத்தது. மார்த்தாண்டத்து லேத்தில் அந்தத் தண்டு ஆடாமல் இருக்கப் புது புஷ் போட்டான்.

ஷெர்லி பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். அவனும் உற்சாகத்தில் எல்லாவற்றையும் அவளுக்குக் காட்டிக் கொடுத்தான்.

"இஞ்ச பாரு. உள்ள ஒரு பிஸ்டன் இருக்கு. என்ஜின் மூச்சு இழுக்க இழுக்க இது மேல எழும்பும். கூடவே ஊசியும் எழும்பும். அப்பதான் பெட்ரோல் வரும், வண்டிக்குப் பெலன் கெடைக்கும். சும்மா விட்டா இது துள்ளும். அதுக்காண்டி உச்சியில இந்தக் குழாய்க்குள்ள கொஞ்சம் எண்ணெய். நல்ல லேசான எண்ணெயா இருக்கணும். கட்டியா இருந்தா பிஸ்டன் எழும்பாது, வண்டி மேட்டுல மூச்சு முட்டி நின்னுடும்."

"இவ்வளவு எண்ணெய்தானா?" என்று எட்டிப் பார்த்தாள்.

"ஒரு ஸ்பூன்கூட வராது."

கார்த்திகை முடிவில் ஒரு மத்தியானம் வண்டி உயிர் பெற்றது. முதலில் இருமியது, கருப்பாகத் துப்பியது, பிறகு நின்றது. ஷாஜன் கீழே இருந்த நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினான். அந்த நட்டுதான் பெட்ரோலின் அளவு. திருகிவிட்டு, பிஸ்டனை விரலால் நூலளவு தூக்கிக் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். சத்தம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். அணைந்து போனால் குறைவு. ஒரு நொடி கூடிவிட்டுப் பழைய சத்தத்துக்கே திரும்பினால் சரி. திருகுவான், தூக்குவான், கேட்பான். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. சாயங்காலத்துக்குள் என்ஜின் சீராக நின்று ஓடியது. முற்றத்து மேட்டை ஒரே மிதியில் ஏறி ரோட்டைத் தொட்டது. ஷாஜன் ஸ்டியரிங்கைத் தட்டிக் கூவினான். ஷெர்லி கை தட்டினாள். ஞானையன் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்.

மார்கழி பிறந்தது. ஆராதனை விடியற்காலையில் என்பதால், அந்த நேரத்திலும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்று ஷாஜன் இருட்டு பிரிகிறதுக்கு முன்னால் ஷெட்டுக்குப் போனான். சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தான். பிடித்துக்கொண்டது. மேட்டை நோக்கி ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். அவ்வளவுதான்! கரும்புகை கக்கி, திணறி, பாதி மேட்டில் நின்றுவிட்டது. மறுபடியும் ஸ்டார்ட் செய்தான். மறுபடியும் அதே கதை.

வெயில் ஏறிய பிறகு பார்த்தால் ஒரு குறையும் இல்லை. மேட்டில் சும்மா பறந்து ஏறியது. மறுநாள் விடியலில் திரும்பவும் முரண்டு பிடித்தது.

இப்படி ஒரு நோவை எவனாவது கேள்விப்பட்டதுண்டா? காலையில் படுத்துவிடும், மத்தியானம் எழுந்து விளையாடும். பள்ளிக்கூடத்துக்குக் கள்ளமடிக்கிற பிள்ளைகூட இவ்வளவு சுத்தமாக நடிக்காது. ஷாஜன் பிளக்கை மாற்றினான். பெட்ரோலை வடித்துப் புதிதாக ஊற்றினான். சோக் கம்பியைச் சரி செய்தான். மிதவையின் உயரத்தைக் குறைத்தான், கூட்டினான். பனி இறங்குகிறதோ என்று என்ஜினுக்கு மேல் சாக்கைப் போட்டு மூடினான். தலைகீழாக நின்று பார்த்தும் ஒன்றும் நடக்கவில்லை.

தினமும் ஞானையன் கம்பளித் தொப்பியோடு வாசலில் வந்து நிற்பார். "என்ன மருமவனே, இன்னைக்கும் ஏறல்லியா?" என்பார். குரலில் அப்படி ஒரு பரிவு. ஷெர்லி பால் விடாத கட்டஞ்சாயாவைக் கொண்டுவந்து கொடுப்பாள். "போட்டும், நாளைக்குப் பாக்கலாம்" என்பாள். ஷாஜன் சாயாவைக் குடித்துவிட்டு, சுற்றி நிற்கிற ரப்பர் மரங்களைப் பார்ப்பான். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி வரிசை. இதற்குள்ளேயே கிழவனாகி, ஞானையனின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஞாயிறு ஞாயிறாக சர்ச்சுக்குப் போகிற தன்னைக் கண்ணால் கண்டான். 

அவனிடம் ஒரு ரகசியமும் இருந்தது. மஸ்கட்டிலிருந்து கூட்டாளி விபின் கூப்பிட்டிருந்தான். அங்கே ஒர்க்‌ஷாப்பில் ஆள் வேண்டுமாம். ஷாஜன் பாஸ்போர்ட் காப்பியை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். முதலில் வாடகை வீடு, ஷெர்லியை அங்கே உட்கார வைப்பது, பிறகு மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு. இந்த வீட்டில் விட்டுவிட்டுப் போனால் "பிள்ளையை அநாதையாக்கிட்டான்" என்று கிழவர் ஊரைக் கூட்டுவார். வாடகை வீட்டிலிருந்து போனால் அது வேலைக்குப் போகிறது. அப்படி அவனே தனக்குச் சொல்லிக்கொண்டான்.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் விடியல். குளிரில் பல் கிட்டியது. வண்டி அன்றைக்கும் பாதி மேட்டில் நின்றது. "சவத்த!" என்று ஷாஜன் கதவை ஓங்கி அறைந்தான். வண்டியைப் பின்னால் உருள விட்டு ஷெட்டில் நிறுத்தி, போனட்டைத் திறந்தான். கோபத்தில் ஏர் பில்டரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கார்பரேட்டரின் வாய்க்குள் விரலை விட்டுப் பிஸ்டனைத் தூக்கினான்.

அசையவில்லை. அழுத்தித் தூக்கினால், சேற்றில் புதைந்த கால்போல மெதுவாக, மனசில்லாமல் மேலே வந்தது. மத்தியானங்களில் எத்தனை முறை இதைத் தூக்கியிருக்கிறான்! பூப்போல எழும்பும். உச்சியில் இருந்த எண்ணெய்க் குழாயின் மூடியைத் திருகி, அதோடு சேர்ந்த கம்பியை வெளியே இழுத்தான்.

கம்பியில் வெண்ணெய்போல ஏதோ அப்பியிருந்தது. டார்ச்சை அடித்தான். வெள்ளையில் லேசாகப் பச்சை ஓடியது. விரலில் எடுத்துத் தேய்த்ததும் உருகிவிட்டது. தேங்காய் எண்ணெய். மார்கழிக் குளிரில் உறைந்துபோன தேங்காய் எண்ணெய். வெயில் வந்தால் உருகிவிடும், என்ஜின் சூடானாலும் உருகிவிடும். பிறகு எவன் பார்த்துக் கண்டுபிடிப்பான்?

கிழவர்தான், வேறு யார் என்று பல்லைக் கடித்தான். எண்ணெய் விரலை மூக்கருகே கொண்டுபோனான்.

கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை, கொஞ்சம் வெந்தயம். ஞானையனுக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. இந்த வாசத்தை அவன் தினமும் தலையணையில் மோந்துகொண்டுதான் தூங்குகிறான்.

 அப்படியே மட்கார்டில் சாய்ந்து நின்றான். ஷெர்லி கட்டஞ்சாயாவோடு வந்தாள்.

"ஏட்டி, இது என்ன?"

அவள் கம்பியைப் பார்த்தாள். பொய் சொல்ல முயலவில்லை. கிளாஸைக் கீழே வைத்தாள்.

"எனக்க எண்ணெய்."

"எப்படி ஊத்தின?"

"அப்பாவுக்கு ஊசி போடுத சிரிஞ்சு வச்சு. உள்ள கெடந்தத உறிஞ்சி எடுத்துட்டு இத ஊத்தினேன். கட்டியா இருந்தா பிஸ்டன் எழும்பாதுன்னு நீங்கதானே சொல்லித் தந்தீங்க."

"அப்பன் சொல்லித் தந்தாரா செய்யதுக்கு?"

"அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது."

"பெறவு என்னத்துக்குடீ? எனக்கு இஞ்ச மூச்சு முட்டுதுன்னு ஒனக்குத் தெரியாதா? நீயும் போவலாம் போவலாம்னு தலைய ஆட்டினியே! என்னைக் கோழி மாதிரி கூட்டுக்குள்ள போட்டு வச்சு வேடிக்கை பாத்தியா?" அவன் கையிலிருந்த ஸ்பானரைத் தரையில் அடித்தான். அது தெறித்துச் சுவரில் போய் விழுந்தது.

ஷெர்லி அசையவில்லை. "விபின் அண்ணனுக்குப் பாஸ்போர்ட் காப்பி அனுப்பினது என்னத்துக்கு?"

ஷாஜனின் கை தானாகச் சட்டைப் பையிலிருந்த போனைத் தொட்டது.

"ஒங்க போன்ல பாத்தேன். பாத்த அன்னைக்குதான் எண்ணெயை மாத்தினேன். வாடகை வீட்டுல எனக்க கூட எவ்வளவு நாள் இருப்பிய, சொல்லுங்க? கல்யாணம் கழிஞ்ச நாள்லயிருந்து வருஷத்துக்கு ஒரு மாசம்தான் நீங்க எனக்கு. மிச்சம் முழுக்க போனுக்க கூடதான் குடும்பம் நடத்தினேன். காய்ச்சல்ல கெடந்தாலும் போன்தான், அம்மா செத்தப்பவும் போன்தான். இஞ்ச ஒங்களுக்கு மூச்சு முட்டுது. தெரியும். முட்டட்டு. அந்த மூச்சு எனக்க பக்கத்துல கெடக்குல்லா?"

அழவில்லை அவள். அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"போவ மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க. பைபிள எடுத்துட்டு வாறேன். இப்பவே நானே அந்த எண்ணெயைத் தொடச்சுத் தாறேன்."

ஷாஜன் வாயைத் திறந்தான். சொல்லியிருக்கலாம். எத்தனை பேர் எத்தனை பொய்ச் சத்தியம் செய்கிறார்கள்! அந்தப் பொய்யை அவனால் சொல்ல முடியவில்லை.  அவள் சாயா கிளாஸை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள்.

அன்று முழுக்க அவன் அவளோடு பேசவில்லை. குழாயைப் பெட்ரோலால் கழுவித் துடைத்து, சரியான எண்ணெயை ஊற்றி, மூடியை இறுக்கி, ஷெட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டான். எல்லாரும் சேர்ந்து அவனைப் பூட்டி வைத்தார்கள் என்றால் அவனுக்கும் பூட்டத் தெரியாதா? நாளைக்கு ஏறும். ஏறியே தீரும்.

கிறிஸ்மஸ் விடியலில் ஞானையன் வெள்ளை வேட்டியும் சட்டையும் போட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஷெர்லி புதுச் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். முந்தின நாளைவிடக் குளிர் கூடுதல். ஷாஜன் சோக்கை இழுத்தான், ஸ்டார்ட் செய்தான், கொஞ்ச நேரம் விட்டு மிதித்தான்.

வண்டி ஏறியது. ஒரு இருமல் இல்லை, ஒரு திணறல் இல்லை. மேட்டின் உச்சிக்கு வந்து, முன்சக்கரங்கள் ரோட்டைத் தொட்டதும் ஷாஜன் பிரேக்கை அழுத்தினான். என்ஜின் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. அவன் வாழ்க்கையில் செய்த வேலைகளிலேயே இவ்வளவு நன்றாக எதையும் செய்ததில்லை. எதிரே ரோடு திறந்து கிடந்தது. இடது பக்கம் போனால் சர்ச். அதே ரோட்டில் இன்னும் போனால் மார்த்தாண்டம், அதற்கும் அப்பால் திருவனந்தபுரம் ஏர்போர்ட்.

"ஏறிட்டே" என்றார் ஞானையன். அவர் குரலை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். "செரி மக்கா. ஐயருக்க முன்ன சொன்ன சொல்லு. மாற மாட்டேன். நீங்க போங்க."

ஷாஜன் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். ஷெர்லி அவனைப் பார்க்கவில்லை. கதவோரமாக ஒதுங்கி, மடியில் கையை வைத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒருவரை வழியனுப்பிவிட்டுத் திரும்புகிறவளின் முகம். அந்த முகத்தை அவன் அறிவான். ஒவ்வொரு லீவு முடிவிலும் ஏர்போர்ட்டில் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற முகம் அது. ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்துவிட்டு அவன் உள்ளே போயிருக்கிறான். இந்தத் தடவையும் போவான். தன்னைப் பற்றி அவனுக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் போதும், மஸ்கட் வரை எங்கேயும் நிற்க மாட்டான்.

கை சாவிக்குப் போயிற்று. திருப்பினான். என்ஜின் நின்றது.

"என்ன ஆச்சு?"

"நின்னுட்டு மாமா."

ஞானையன் சாவியில் இருந்த கையைப் பார்த்தார். மருமகனின் முகத்தைப் பார்த்தார்.

"இன்னொருக்கா ஸ்டார்ட் அடிச்சுப் பாக்கப்பிடாதா?"

"அடிச்சாலும் ஓடாது. வண்டி இன்னும் சரியாவல்ல. நாம நடந்து போவோம், நேரமாச்சு." கியரை எடுத்துவிட்டு பிரேக்கை விட்டான். வண்டி தன் பாரத்தில் பின்னோக்கி இறங்கி, முற்றத்தில் போய் நின்றது. மூன்று பேரும் இறங்கினார்கள்.

ரோட்டில் டார்ச் வெளிச்சத்தில் சர்ச்சுக்குப் போகிறவர்கள் கூட்டமாக நடந்தார்கள். ஞானையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் போனார். அடிக்கடி தலை சுற்றுகிற ஆள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "ஏசுஅடிமை! ஏறல்ல கேட்டியா! மருமவன் என்னெல்லாமோ செய்து பாத்தான். அடுத்த கிறிஸ்மஸ் வரைக்கும் மெனக்கெடணும் போல!" என்று பக்கத்து வீட்டு ஏசுஅடிமையிடம் கத்தினார். குரலில் குழந்தையின் குதூகலம். அந்த வீட்டில் அந்த வண்டி ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டவன் ஒருவன்தான் இருந்தான். இன்று காலையோடு அவனும் இல்லை.

ஷாஜனுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஷெர்லி இருட்டில் நெருங்கி வந்து அவன் கையைப் பிடித்தாள்.

"விடு" என்றான். "ஒனக்காண்டி நிக்கல்ல. எனக்கு என்னையே பயமாயிட்டு. அதான் நின்னேன். ஒம்மேல உள்ள கோவம் எனக்கு இப்பதைக்குத் தீராது."

"தீராண்டாம்" என்றாள். "அந்தக் கோவத்த இஞ்ச கெடந்தே படுங்க."

கையை அவள் விடவில்லை.